எழுதியது திரும்பக் கிடைக்குமா: ஸ்டோரேஜ் இன்ஜினியர் வேலையின் உள்ளும் புறமும்

கடலூரிலோ புதுச்சேரியிலோ பி.இ. முடித்த பிள்ளையிடம் என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று கேட்டால் டெவலப்பர், டெஸ்டிங், இப்போது கொஞ்ச நாளாக ஏஐ என்று பதில் வரும். ஸ்டோரேஜ் என்று யாரும் சொல்வதில்லை. கேம்பஸில் தேர்வாகி, பயிற்சி முடிந்து, ப்ராஜெக்ட் ஒதுக்கும் நாளில் "ஸ்டோரேஜ் அண்டு பேக்கப் டீம்" என்று மெயில் வரும்போதுதான் அப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரிகிறது, தெரிந்ததும் முகம் வாடிவிடுகிறது. "அண்ணா, என்னை பேக்கப்புல தள்ளிட்டாங்கண்ணா, எப்படியாவது டெவலப்மென்ட் பக்கம் மாறணும்" என்று நெல்லிக்குப்பத்திலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் போன் வருகிறது. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: உடனே மாறாதே, கையில் என்ன கிடைத்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். அதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்த வேலையில் எல்லாமே ஒரு கேள்வியைச் சுற்றித்தான். எழுதியது எழுதியபடி திரும்ப வருமா? மருத்துவமனையில் எடுத்த சி.டி. ஸ்கேன், வங்கிக் கணக்கில் இருக்கும் தொகை, பத்திரப்பதிவில் ஏறிய சர்வே எண், எதுவாக இருந்தாலும் சரி. திரையில் "சேமிக்கப்பட்டது" என்று வந்துவிட்டால் வேலை முடிந்ததாக நாம் நினைக்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே எத்தனை அடுக்கு இருக்கிறது பாருங்கள்: அப்ளிகேஷன், டேட்டாபேஸ், ஃபைல் சிஸ்டம், இயங்குதளத்தின் மெமரி, டிரைவர், கேபிள், ஸ்விட்ச், ஸ்டோரேஜ் பெட்டியின் கன்ட்ரோலர், அதற்குள் ஒரு கேஷ் (வேகத்துக்காகத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்), டிஸ்க்குக்குள்ளேயே இன்னொரு கேஷ், கடைசியில்தான் காந்தத் தட்டோ ஃபிளாஷ் சிப்போ. இதில் எந்த அடுக்கு வேண்டுமானாலும் உண்மையில் எழுதுவதற்கு முன்பே "எழுதிவிட்டேன்" என்று மேலே சொல்லிவிட முடியும். லினக்ஸில் ஒரு புரோகிராம் ஃபைலில் எழுதினால் அது முதலில் மெமரியில்தான் போய் உட்காரும், வழக்கமான அமைப்பில் அரை நிமிடம் வரைகூட டிஸ்க்குக்குப் போகாமல் இருக்கலாம். அதற்குள் கரண்ட் போனால் போனதுதான். "இப்போதே டிஸ்க்கில் இறக்கு" என்று கட்டாயப்படுத்த எஃப்சிங்க் என்று ஒரு அழைப்பு இருக்கிறது. அதை நம்பித்தான் உலகத்து டேட்டாபேஸ்கள் ஓடுகின்றன.

அந்த நம்பிக்கையிலேயே ஓட்டை இருந்தது 2018ல் வெளிச்சத்துக்கு வந்தது. டிஸ்க்கில் பிழை வந்து எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மறுபடி முயற்சி செய்யும். லினக்ஸோ, எழுத முடியாமல் போன பக்கங்களை எழுதியாகிவிட்டது என்று குறித்துக்கொண்டு, இரண்டாவது அழைப்புக்கு "சரி, வெற்றி" என்று பதில் சொல்லிவிடும். டேட்டா போயிருக்கும், டேட்டாபேஸுக்குத் தெரியாது. பல வருடம் எல்லாரும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடைசியில் போஸ்ட்கிரெஸ் குழு, எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி கிடையாது, டேட்டாபேஸையே நிறுத்தி, தன் பதிவேட்டிலிருந்து மீட்டுக்கொண்டு எழ வேண்டும் என்று மாற்றியது. ஸ்டோரேஜ் வேலையின் ஆழம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இரண்டு அடுக்குக்கு நடுவே யார் எதற்கு உத்தரவாதம் கொடுத்தார்கள் என்று துருவிப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் எப்போதும் குறைவு.

இப்போது கொஞ்சம் வரலாறு, ஏனென்றால் எதைப் படிக்க வேண்டும் என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது. 1956ல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் இயந்திரத்தின் டிஸ்க் அலகில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. மொத்தம் பிடித்தது ஐம்பது லட்சம் எழுத்துகள், இன்றைக்குப் போனில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்த அளவு வரும். 1988ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூன்று பேரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் டேட்டா போகாதபடி கட்டலாம் என்றார்கள். அதுதான் ரெய்ட். அதன்மேல் ஒரு தொழிலே எழுந்தது. 1979ல் தொடங்கிய இஎம்சி, 1992ல் தொடங்கிய நெட்ஆப் போன்ற கம்பெனிகளின் பெட்டிகள் வங்கிகளிலும் தொலைபேசி நிறுவனங்களிலும் வரிசையாக நின்றன. அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் ஸ்டோரேஜ் அட்மின் என்று ஒரு வேலையே உருவானது.

அப்புறம் எல்லாம் மாறியது. 2006ல் அமேசான் எஸ்3 வந்தது, டிஸ்க்கே கண்ணில் படாமல் டேட்டா வைக்கும் வழி பிறந்தது. 2010ல் சன் கம்பெனி ஆரக்கிளிடம் போனது, அதே வருடம் 3பார் என்ற ஸ்டோரேஜ் கம்பெனி எச்பியிடம் போனது, 2016ல் இஎம்சியையே டெல் வாங்கிவிட்டது. ஒரு பிராண்டின் சர்டிஃபிகேட்டை மட்டும் நம்பி, எந்தத் திரையில் எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்பதோடு நின்றவர்கள் இந்த மாற்றங்களில் திணறினார்கள். எஸ்3க்கு உள்ளேயும் டிஸ்க் இருக்கிறது, அங்கேயும் டிஸ்க் சாகிறது, அங்கேயும் பிரதிகள் ஒன்றுக்கொன்று முரண்படலாம் என்று அடுக்கு அடுக்காகப் புரிந்துவைத்திருந்தவர்கள் பெரிய சிரமமில்லாமல் இந்தப் பக்கம் வந்தார்கள். நம் ஊரில் "சர்டிஃபிகேஷன் முடித்தால் வேலை உறுதி" என்று போர்டு வைத்துப் பணம் வாங்கும் இடங்கள் உண்டு. சர்டிஃபிகேட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நேர்காணலுக்குக் கூப்பிட வைக்க அது உதவும். உள்ளே போனபின் காப்பாற்றாது.

ரெய்டை ஒருமுறை கையாலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். மூன்று டிஸ்க்கில் 1, 0, 1 என்று ஒவ்வொரு பிட் இருக்கிறது. நான்காவது டிஸ்க்கில், மொத்தத்தில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி ஒரு பிட் எழுதுகிறோம், அதற்குப் பெயர் பாரிட்டி. ஏற்கெனவே இரண்டு ஒன்றுகள், ஆகவே 0. இப்போது முதல் டிஸ்க் செத்துவிட்டது. மிச்சம் இருப்பது 0, 1, 0. ஒரே ஒரு ஒன்று, ஒற்றைப்படை, அப்படியானால் தொலைந்தது 1. அவ்வளவுதான், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும்.

ஆனால் இன்ஜினியரின் வேலை இந்தக் கணக்கு எங்கே உடையும் என்று பார்ப்பது. 20 டெராபைட் டிஸ்க் ஒன்று செத்து, புது டிஸ்க் போட்டு, நொடிக்கு 250 மெகாபைட் என்ற முழு வேகத்தில் திரும்பக் கட்டினாலும் 80,000 நொடி ஆகும், அதாவது 22 மணி நேரத்துக்கு மேல். நடுவே மற்ற வேலைகளும் ஓடிக்கொண்டிருப்பதால் நிஜத்தில் நாள்கணக்கில் போகும். அந்த நேரம் முழுக்க இன்னொரு டிஸ்க் சாகாமல் இருக்க வேண்டும். ஒரே நாளில் வாங்கி, ஒரே சூட்டில், ஒரே அளவு ஓடிய டிஸ்க்குகள் அவை, ஒன்று போகும் சமயத்தில் இன்னொன்று போவது அதிசயமில்லை. இதோடு இன்னொன்று: சாதாரண டிஸ்க்குகளின் விவரக் குறிப்பில் 10^14 பிட் படித்தால் ஒரு பிட் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டெராபைட். நான்கு 8 டெராபைட் டிஸ்க் உள்ள ரெய்ட் 5ல் (மேலே பார்த்தது போல ஒரு டிஸ்க் அளவுக்குப் பாரிட்டி) ஒன்று போனால் மிச்சம் 24 டெராபைட்டையும் பிழையில்லாமல் படித்தாக வேண்டும். அதனால்தான் பெரிய டிஸ்க்குகளுக்கு இரட்டைப் பாரிட்டி, அதையும் தாண்டி எரேஷர் கோடிங் (டேட்டாவைத் துண்டாக்கி, கூடுதல் மீட்புத் துண்டுகளும் சேர்த்துப் பல டிஸ்க்கில் பரப்பும் முறை) என்று போனார்கள். சூத்திரம் தெரிந்தவர் நிறைய பேர் இருக்கிறார்கள். இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்து "இந்த டிசைன் வேண்டாம்" என்று மீட்டிங்கில் சொல்பவருக்குத்தான் மதிப்பு.

சரி, படிக்கட்டு எப்படி இருக்கும்? முதல் படி எல்1. திரையைப் பார்த்து அலெர்ட் வந்தால் டிக்கெட் போடுவது, டிஸ்க் ஃபெயில் ஆனால் கம்பெனிக்குச் சொல்லி மாற்ற வைப்பது, காலையில் எந்த பேக்கப் ஓடியது எது ஓடவில்லை என்று ரிப்போர்ட் அனுப்புவது. பெரும்பாலும் ஷிப்ட் வேலை, இரவும் உண்டு. கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு கம்பெனியின் எல்லா சர்வரையும் எல்லா டேட்டாபேஸையும் பெயர் சொல்லித் தெரிந்த ஒரே டீம் பேக்கப் டீம்தான். டெவலப்பருக்குத் தன் மாட்யூல் தெரியும். எது மாதக் கடைசியில் கனக்கும், எதை இழந்தால் கம்பெனி மூடும், எது வெறும் குப்பை என்பதெல்லாம் பேக்கப்பில் ஒரு வருடம் கவனமாக உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். பேக்கப் ஏன் தோற்றது என்று ஒவ்வொரு முறையும் அடிவரை போய்ப் பார்த்தால், பாஸ்வேர்டு காலாவதியிலிருந்து நெட்வொர்க், ஃபைல் லாக், டேட்டாபேஸ் பதிவேடு வரை எல்லாம் பாடம். டிக்கெட்டை ரீ-ரன் போட்டு மூடிக்கொண்டே இருந்தால் ஐந்து வருடமானாலும் எல்1தான்.

அடுத்த படியில் சர்வருக்கு இடம் ஒதுக்குவது, ஃபைபர் ஸ்விட்சில் ஜோனிங் (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்ற வரையறை) போடுவது, பழைய பெட்டியிலிருந்து புதுப் பெட்டிக்கு வார விடுமுறை ராத்திரியில் டேட்டாவை நகர்த்துவது. இதில் பதினாறு இலக்கம் கொண்ட முகவரி ஒன்றை மாற்றிப் போட்டால் ஒருவரின் டிஸ்க் இன்னொருவரின் சர்வருக்குத் தெரிந்துவிடும், தெரிந்த சர்வர் அதைக் காலி டிஸ்க் என்று நினைத்து ஃபார்மேட் செய்துவிடவும் கூடும். அதனால்தான் இந்தத் துறையில் அவசரக்காரர்களை ஒதுக்கிவைக்கிறார்கள். "ஸ்டோரேஜ் ஸ்லோ" என்ற புகாரும் இந்தப் படியில்தான் வந்து விழும், அதற்கு எண்ணால்தான் பதில் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும், தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் நொடிக்கு நூறு சொச்சம் வேலைதான் அதால் முடியும். ஃபிளாஷ் டிஸ்க்கோ லட்சக்கணக்கில் முடிக்கும். அப்படியும் ஸ்லோ என்றால் வரிசை எங்கே சேருகிறது என்று தேட வேண்டும். சராசரி நேரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, நூறில் மிக மெதுவான அந்த ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஒன்றுதான் வாடிக்கையாளரைக் கத்த வைப்பது.

மூன்றாவது படி டிசைன். நம் ஊர்க்காரர்களுக்கு இயல்பாகவே ஒரு பிடிமானம் இருக்கும் இடம் இது, ஏனென்றால் பேரிடர் என்பது நமக்குப் பவர்பாயிண்டில் வரும் படம் இல்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. இரண்டு ஊரும் ஒரே காலையில் விழுந்தன, கடலூர் மாவட்டக் கிராமங்களில் எத்தனையோ நாள் கரண்ட் இல்லை. இப்போது புதுச்சேரியில் சர்வர் வைத்திருக்கும் ஓர் அலுவலகம், பாதுகாப்புக்கு இரண்டாவது பிரதியைக் கடலூர்க் கிளையில் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலைவழி 25 கிலோமீட்டர் சொச்சம். காகிதத்தில் இரண்டு பிரதி. தானே புயல் அன்று ஒன்றுகூட இல்லை.

சென்னையில் வைத்தால்? 2015 நவம்பர், டிசம்பர் மழையில் கடலூரும் சென்னையும் சேர்ந்துதான் மூழ்கின. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை, அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அப்படியென்றால் ஒரே கடலோரத்தில், ஒரே வடகிழக்குப் பருவமழைக்குக் கீழே இரண்டு பிரதியையும் வைக்கக் கூடாது. மும்பைக்கோ ஹைதராபாத்துக்கோ போ என்று சொல்வது சுலபம். அமேசானுக்கு மும்பையில் 2016லிருந்தும் ஹைதராபாத்தில் 2022லிருந்தும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. ஆனால் தூரத்துக்கு விலை உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோநொடி. புதுச்சேரியிலிருந்து கடலூர் போய்த் திரும்ப கால் மில்லிநொடி, சென்னைக்கு ஒன்றரை, மும்பைக்குக் குறைந்தது பத்து. ஒவ்வொரு முறை எழுதும்போதும் மறுகரையிலிருந்து "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக நூறு முறை எழுதும் ஒரு பரிவர்த்தனை மும்பைத் தூரத்துக்கு ஒரு நொடி தொங்கும். காத்திருக்காமல் பின்னால் அனுப்பினால் வேகம் இருக்கும், புயல் அடித்த நிமிடத்தில் போய்ச் சேராத டேட்டா போகும். எவ்வளவு டேட்டா போனால் தாங்குவீர்கள், எவ்வளவு நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, அதற்கு என்ன செலவாகும் என்று நேருக்கு நேர் சொல்வதுதான் ஆர்க்கிடெக்ட்டின் வேலை. எதையும் இழக்கக் கூடாது, வேகமும் குறையக் கூடாது, பணமும் ஆகக் கூடாது என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். ஒளியின் வேகத்தோடு பேரம் பேச முடியாது என்பதைக் கோபப்படாமல் புரியவைக்கத் தெரிய வேண்டும்.

பிரதி இருப்பது ஒன்று, அது திரும்ப வருவது வேறொன்று. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் குறியீடுகளைச் சேமித்துவைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் அடைவை அழித்துவிட்டார். நிறுத்தும்போது சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் அது ஓடவே இல்லை, தோல்வியைச் சொல்ல வேண்டிய மெயில்களும் தடுக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து டேட்டாவின் அப்படியே ஒரு நகல்) காப்பாற்றியது. நடந்ததை அந்த நிறுவனம் மறைக்காமல் முழுதாக எழுதி வெளியிட்டது, அதனால்தான் நாம் படிக்க முடிகிறது. இதைப் படித்தபின் ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று சொல்லவே எனக்கு வாய் வராது.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் சைவ சித்தாந்தச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, 2005ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் அந்தத் தொகுப்பு இடம்பெற்றது. ஓலை செல்லரிக்கும் என்பதால் சில தலைமுறைக்கு ஒருமுறை புது ஓலையில் படியெடுத்துக்கொண்டே வந்ததால்தான் அந்த நூல்கள் நம் கைக்கு வந்தன. டேப், டிஸ்க், கிளவுட் எதுவும் இதற்கு விலக்கில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை பெட்டியை மாற்றி, டேட்டாவை நகர்த்தி, ஒவ்வொரு துண்டும் அப்படியே வந்ததா என்று செக்சம் (டேட்டாவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) போட்டுச் சரிபார்ப்பது இந்த வேலையில் ஓயாது.

கற்க ஆரம்பிக்க விலை உயர்ந்த லேப் வேண்டாம். வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் லினக்ஸ் போடுங்கள். ஒரு ஜிகாபைட் அளவில் நான்கு ஃபைல் உருவாக்கி, லூப் டிவைஸ் வழியாக அவற்றை டிஸ்க் போலக் காட்டி, எம்டிஆடம் கருவியால் ரெய்ட் 5 கட்டுங்கள். அதில் கல்யாணப் படங்களைப் போடுங்கள் (வேறு இடத்தில் ஒரு பிரதி வைத்துவிட்டு). ஒரு டிஸ்க்கை "செத்தது" என்று குறித்துவிட்டுப் படங்கள் திறக்கிறதா பாருங்கள், புது டிஸ்க் சேர்த்துத் திரும்பக் கட்டும் சதவீதம் ஏறுவதைப் பாருங்கள், அப்புறம் துணிந்து இரண்டு டிஸ்க்கைக் கொல்லுங்கள். ஒரு டிஸ்க்கின் நடுவே கொஞ்சம் குப்பையை எழுதிவிட்டு ரெய்ட் அதைத் தானாகக் கண்டுபிடிக்கிறதா என்றும் பாருங்கள். படிக்கும்போது கண்டுபிடிக்காது. அதே சோதனையை மிரர் (ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கில்) போட்ட இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் செய்தால் கண்டுபிடித்துத் திருத்தும், ஏனென்றால் அது ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் வைத்திருக்கிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று பத்து நிமிடம் தெளிவாக விளக்கத் தெரிந்த ஃப்ரெஷரை வேலைக்கு எடுக்கத் தயங்கும் டீம் எனக்குத் தெரிந்து இல்லை. இயங்குதளப் பாடத்துக்கு என்பிடெல்லில் இலவச வகுப்புகள் இருக்கின்றன. மொழிகளில் பைத்தான் கட்டாயம், உற்பத்திப் பக்கம் போக ஆசை இருந்தால் சி.

அந்த உற்பத்திப் பக்கம்தான் நான்கைந்து வருடத்தில் வரும் ஒரு கிளை. ஸ்டோரேஜ் மென்பொருளையே எழுதும் வேலை, பெரும்பாலும் பெங்களூரில். நெட்ஆப், டெல், ஐபிஎம் எல்லாவற்றுக்கும் அங்கே டெவலப்மென்ட் மையங்கள் உண்டு. நேரே டெவலப்பராக முடியாதவர்கள் டெஸ்டிங் வழியாக நுழையலாம், டிஸ்க்கை வேண்டுமென்றே பிடுங்கி, நெட்வொர்க்கை வெட்டி, என்ன உடைகிறது என்று பார்க்கும் டெஸ்டிங் அது, நல்ல மூளை கேட்கும். செஃப் போன்ற திறந்த மூல ஸ்டோரேஜ் இன்னொரு கதவு. கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் சேஜ் வைல் என்ற மாணவரின் முனைவர் பட்ட ஆய்வில் பிறந்தது அது, அவர் தொடங்கிய கம்பெனியை 2014ல் ரெட் ஹாட் வாங்கியது. அதில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்ப நீங்கள் பெங்களூரிலும் இருக்க வேண்டாம், சாண்டா குரூஸிலும் இருக்க வேண்டாம், திருப்பாதிரிப்புலியூரில் இருந்தால் போதும். இன்னொரு கிளை கிளவுட், எஸ்ஆர்இ (சேவை விழாமல் ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் வேலை). குபெர்நெட்டிஸ், டெராஃபார்ம் என்று கருவிகள் வேறு, கேள்விகள் அதேதான். விற்பனைக்கு முந்தைய ஆலோசனை என்று ஒன்றும் உண்டு, பேசத் தெரிந்தவர்களுக்கு.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். இந்த வேலையில் நுனிநாக்கு ஆங்கிலம் யாரும் கேட்பதில்லை, எழுத்து கேட்பார்கள். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, என்ன பார்த்தோம், என்ன செய்தோம், ஏன் நடந்தது என்று சின்னச் சின்ன வாக்கியத்தில் ஒரு பக்கம் எழுதத் தெரிந்தால் போதும். அதை வாரம் ஒன்று என்று எழுதிப் பழகியவர்கள் ஒரு வருடத்தில் தேறிவிடுகிறார்கள்.

ஊரிலேயே இருந்து செய்யலாமா என்ற கேள்விக்குப் பாதி ஆமாம். ஆரம்பத்தில் சிறுசேரி, அம்பத்தூர் டேட்டா சென்டர் பக்கமோ பெங்களூரோ போய்த்தான் ஆக வேண்டும், பெட்டியைக் கையால் தொட்டு, கேபிள் இழுத்து, டிஸ்க் மாற்றிய அனுபவத்துக்கு ஈடில்லை. எல்3 அளவுக்கு வந்தபின் வீட்டிலிருந்து வேலை கிடைக்க வாய்ப்பு கூடும், முதலியார்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ உட்கார்ந்து வெளிநாட்டு வங்கியின் ஸ்டோரேஜைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆன்-கால் விடாது, ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடிக்கும், எழுந்த பத்தாவது நிமிடம் நிதானமாக யோசிக்க வேண்டும். இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். இரவு ஷிப்டுக்கு கேப் உண்டா, ஆன்-கால் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, மறுநாள் விடுப்பு உண்டா என்று ஆஃபர் லெட்டர் வாங்கும்போதே கேட்பதில் தப்பே இல்லை. வீட்டிலிருந்து செய்பவர்களுக்கு இன்னொன்று: இரண்டு வெவ்வேறு கம்பெனி இன்டர்நெட் இணைப்பும் நல்ல இன்வெர்ட்டரும் வாங்கி வையுங்கள், நவம்பர், டிசம்பரில் ஆன்-கால் வந்தால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு வேறு ஊரில் இருக்கும் சக ஊழியரோடு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.